ஃபரினாவைக் கோதுமை கொல்லவில்லை

தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் வடக்கே போகப்போகத் தேய்ந்து, சரளைக்கல் பரவிய சமவெளியில் முடிகிற இடத்தில் ஃபரினா என்றொரு ஊர் இருந்தது. அடிலெய்டிலிருந்து சாலை வழியே 600 கிலோமீட்டருக்கும் மேல். லிண்ட்ஹர்ஸ்ட்டைத் தாண்டி வடக்கே அரைமணி நேரப் பயணம். அதற்கும் வடக்கே மரீ. இன்று அந்த ஊரில் குடியிருப்பவர் எவரும் இல்லை. கல்லில் கட்டிய விடுதிகளின் சுவர்களும், நிலத்தடியில் தோண்டிய ஒரு பேக்கரியும், கல்லறைத் தோட்டமும் மிஞ்சியிருக்கின்றன. ஊரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு சுருக்கமானது. சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. அதை நம்பிக் கோதுமை விதைக்க ஆட்கள் வந்தார்கள். 1878இல் ஊர் அறிவிக்கப்பட்டது. லத்தீனில் மாவைக் குறிக்கும் பெயரும் சூட்டப்பட்டது. பிறகு மழை பொய்த்தது, பயிர் கருகியது, ஊர் அழிந்தது. இந்த வரலாற்றை நான் ஏற்கவில்லை. ஃபரினாவின் பிறப்பில் கோதுமைக் கனவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த ஊருக்குச் சோறு போட்டதும் கோதுமை அல்ல, அதன் உயிரை எடுத்ததும் கோதுமை அல்ல. அது சுமை இறக்கி ஏற்றுகிற ஊராக வாழ்ந்தது. சுமை அங்கே நிற்க வேண்டிய தேவை தீர்ந்தபோது முடிந்தது.

கோதுமைக் கதைக்கு அடித்தளமாக இருப்பது கோய்டர் கோடு. ஜார்ஜ் உட்ரோஃப் கோய்டர் 1861 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் தலைமை நில அளவையாளராக இருந்தவர். அந்தப் பதவிக்கு வருவதற்கு முன், 1857இல், அவரே வடக்கைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். பெருமழை ஓய்ந்த சமயத்தில் அங்கே போய், ஏரிகளில் நல்ல தண்ணீர் நிறைந்து கிடப்பதாக அறிக்கை அனுப்பினார். அதே ஆண்டு அவருடைய மேலதிகாரி ஃப்ரீலிங் படகோடு அங்கே போனபோது, கரையிலிருந்து வெகுதூரம் நடந்தும் படகை மிதக்கவிடும் ஆழம் கிடைக்கவில்லை. கண்ணெதிரே இருக்கும் பசுமை அந்த நிலத்தின் இயல்பைச் சொல்லாது என்பதைக் கோய்டர் இப்படிப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் கோடு போட வந்தபோது, மழைமானிக் கணக்குகள் அந்தப் பகுதியில் அநேகமாக இல்லை. அதனால் செடிகளைப் பார்த்தார். ஒரு நல்ல பருவத்தில் முளைத்து அடுத்த பருவத்தில் காணாமல் போகும் புல்லை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பல ஆண்டுகளின் மழையையும் வறட்சியையும் தாங்கி நிற்கும் சால்ட்புஷ் புதர் எங்கே தொடங்குகிறது, குட்டை யூக்கலிப்டஸ் எங்கே முடிகிறது என்று குதிரைமேல் இருந்தபடி குறித்துக்கொண்டே போனார். 1865 டிசம்பரில் அவர் அரசிடம் கொடுத்த வரைபடக் கோடு, ஆண்டுக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிமீட்டர் மழை பெறும் எல்லையோடு இன்றைய கணக்குகளிலும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

அந்தக் கோட்டை எதற்காகப் போட்டார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1864, 65 ஆண்டுகளின் வறட்சியில் ஆடுகளை இழந்த மேய்ச்சல் பண்ணையார்கள் குத்தகையில் சலுகை கேட்டார்கள். யாருடைய நிலம் உண்மையிலேயே வறட்சிக்கு உட்பட்டது என்று பிரித்துக் காட்டும்படி அரசு கோய்டரிடம் கேட்டது. அதாவது அது மேய்ச்சல் நிலத்தின் வாடகைத் தகராறில் பிறந்த கோடு. உழவுக்கு எல்லையாக அது சட்டத்தில் ஏறியது 1872இல்தான்: கோட்டுக்குத் தெற்கே உள்ள நிலத்தையே உழவருக்குத் தவணையில் விற்கலாம் என்றானது. இரண்டே ஆண்டுகளில், 1874இல், அந்தத் தடையும் எடுக்கப்பட்டது. நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. நிலம் கேட்டு ஆட்கள் நின்றார்கள். நில விற்பனையில் அரசுக்கு வருவாய் இருந்தது. கலப்பை போகும் இடத்துக்கு மழையும் பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கை அறிவியல் போலவே பேசப்பட்டது. கோய்டர் எதிர்த்தார், அவரை மீறிச் சட்டம் நிறைவேறியது. இதுவரை வழக்கமான கதை சரி. 1880 முதல் 1882 வரை மழை பொய்த்ததும், வடக்கே போன உழவர்கள் விதைத்த விதையைக்கூடத் திரும்ப எடுக்க முடியாமல் நொடித்ததும் நடந்தவைதான்.

ஆனால் அது நடந்தது எங்கே? குவோர்னுக்கும் ஹாக்கருக்கும் இடைப்பட்ட வில்லோக்ரா சமவெளியில். கார்டன், வில்சன் போன்ற சிற்றூர்களைச் சுற்றி. அங்கே நிலம் துண்டு துண்டாக அளக்கப்பட்டு, மானாவாரியாகக் கோதுமை விதைக்கப்பட்டது. முதல் சில ஆண்டுகளில் அறுவடையும் நடந்தது. அங்கே இடிந்து கிடக்கும் வீடுகள் உழவர் வீடுகள். ஃபரினாவோ ஹாக்கருக்கும் வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோய்டர் கோட்டிலிருந்து பார்த்தால் சுமார் 300 கிலோமீட்டர். அங்கே ஆண்டுச் சராசரி மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆவியாதலின் வேகமோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில். வில்லோக்ரா உழவர் எடுத்த துணிவு எல்லையோரத் துணிவு. இரண்டு மூன்று பருவங்கள் அது பலித்தது. ஃபரினாவில் அப்படிப் பலித்து ஊரை நிறுத்திய விளைச்சல் ஒருபோதும் இருந்ததில்லை. விளைச்சலே இல்லாத இடத்தில் விளைச்சல் குறைந்ததை அழிவுக்குக் காரணம் காட்டுவது பொருந்தவில்லை.

தேதிகள் இதைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே ரயில்பாதை போடும் வேலை 1878இல் தொடங்கியது. பாதை 1879இல் குவோர்னை எட்டியது, 1880இல் ஹாக்கரை, 1881இல் பெல்டானாவை, 1882இல் ஃபரினாவை. அந்த 1882 எப்படிப்பட்ட ஆண்டு? தெற்கே உழவர்கள் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக வறட்சியில் திணறிக்கொண்டிருந்த ஆண்டு. கோதுமையை நம்பிய ஊராக இருந்திருந்தால் ஃபரினா தொட்டிலிலேயே முடிந்திருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர் எதிர். ரயில் வந்த பிறகுதான் ஊர் வளர்ந்தது: இரண்டு விடுதிகள், கடை, வங்கி, பள்ளிக்கூடம், தேவாலயம், கொல்லர் பட்டறைகள், நிலத்தடி பேக்கரி. உச்சத்தில் சில நூறு பேர் வாழ்ந்தார்கள். இத்தனை சிறிய ஊருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கொல்லர் பட்டறைகள் தேவைப்பட்டன என்பதையே ஒரு சான்றாகக் கொள்ளலாம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டவும் குதிரைக்கு லாடம் அடிக்கவும் ஓயாமல் வேலை இருக்கிற இடத்தில்தான் அத்தனை கொல்லர்கள் பிழைக்க முடியும். பேக்கரிக்கு வேண்டிய மாவும் தெற்கேயிருந்து ரயிலில்தான் வந்தாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அதை விளைவிக்க வயல் இல்லை.

அப்படியானால் அங்கே ஊர் ஏன் அமைந்தது? இதற்கான விடை ரயிலுக்கும் முந்தையது. ஊருக்கு வடக்கே உள்ள ஓடைப்படுகையில் பெரிய யூக்கலிப்டஸ் மரங்கள் நின்றன. அவற்றை வைத்து அந்த இடத்துக்கு முதலில் கவர்ன்மெண்ட் கம்ஸ் என்று பெயர். வடக்கேயிருந்து கால்நடைகளை ஓட்டி வருபவர்கள் தண்ணீர் காட்ட நிற்கும் இடம் அது. அங்கிருந்து மேலே போனால் ஏர் ஏரியின் தென்கரையை ஒட்டி ஊற்றுகள் வரிசையாகத் தொடங்குகின்றன. பெரும் ஆர்ட்டீசியன் வடிநிலத்தின் விளிம்பில், அடியில் அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் நீர் பாறைப் பிளவுகளின் வழியே மேலே வந்து, உப்பும் மண்ணும் படிந்து சிறு மேடுகளாகி, அவற்றின் உச்சியில் கசிகிறது. நடுப் பாலைவனத்தைக் கடக்க அந்த வரிசைதான் படிக்கட்டு. ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்தது இந்த ஊற்றுகளைப் பற்றிக்கொண்டுதான். 1872இல் முடிந்த டார்வின் தந்திக் கம்பியும் இதே தடத்தில் போனது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயில்பாதையும் இதையே பின்பற்றியது.

ஸ்டூவர்ட்டும் இந்தத் தடத்தைக் கண்டுபிடிக்கவில்லை. குயானி, அட்ன்யமதன்ஹா, அரபானா, தியெரி மக்கள் நெடுங்காலமாக நடந்த வழி அது. ஃபிளிண்டர்ஸ் மலையில் பாராச்சில்னாவுக்கு அருகே புகார்டு என்ற செங்காவிச் சுரங்கம் உண்டு. மினுமினுக்கும் அந்தக் காவி சடங்குகளுக்கு இன்றியமையாதது. அதை எடுத்துவரக் கூப்பர் ஓடைப் பகுதியிலிருந்து தியெரி ஆண்கள் பெருங்குழுக்களாக ஆண்டுதோறும் பல நூறு கிலோமீட்டர் தெற்கே நடந்தார்கள். போகிற வழியில் பிற மக்களோடு பண்டமாற்றும் நடந்தது. 1860களில் ஆட்டுப் பண்ணைகள் அந்த வழியை மறித்தபோது மோதல்களும் கொலைகளும் நிகழ்ந்தன. அந்தப் பயணங்களைத் தடுக்க, 1870களில் அதிகாரிகள் வேறொரு இடத்துக் காவியை வெட்டி வண்டியில் ஏற்றி அவர்கள் நாட்டுக்கே அனுப்பிப் பார்த்தார்கள். தியெரி மக்கள் அதை ஏற்கவில்லை. அவர்களுக்குக் காவியும் அதை எடுக்க நடக்கிற வழியும் பிரிக்க முடியாதவை. தண்ணீர் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் நடந்தால் அடுத்த தண்ணீர் வரும் என்ற அறிவு அவர்களுடையது. காலனியின் தந்தியும் மந்தைகளும் ரயிலும் அந்த அறிவின்மேல் ஏறித்தான் ஓடின. ஃபரினாவை வெறும் நிலத்தில் தோன்றி வெறும் நிலத்தில் மறைந்த ஊராகச் சொல்லும்போது முதலில் அழிபட்டுப் போவது இந்த மக்களின் வரலாறு.

கிழக்கிலிருந்து வந்த வழிக்கும் ஒரு பழைய சான்று இருக்கிறது. 1870இல் ஹாரி ரெட்ஃபோர்ட் என்பவர் குவீன்ஸ்லாந்தின் போவன் டவுன்ஸ் பண்ணையிலிருந்து ஏறத்தாழ 1,000 மாடுகளைத் திருடி, கூப்பர் ஓடையையும் ஸ்ட்ரெலெக்கி ஓடையையும் ஒட்டி ஓட்டிவந்து, ஃபரினாவுக்குக் கிழக்கே உள்ள பிளாஞ்ச்வாட்டர் பண்ணையில் விற்றார். மந்தையில் இருந்த ஒரு வெள்ளைக் காளையை அடையாளம் கண்டு பிடித்துவிட்டார்கள். 1873இல் ரோமா நகரில் நடந்த வழக்கில் நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. திருட்டை விட்டுவிட்டு வழியை மட்டும் பார்த்தால், குவீன்ஸ்லாந்துக் கால்நடையைப் பாலைவனம் வழியே உயிரோடு தெற்கே கொண்டுவர முடியும் என்று அது காட்டிவிட்டது. அப்படி வரும் மந்தைக்கு ரயில் கிடைக்கும் இடம் எதுவோ அந்த இடத்துக்குப் பிழைப்பு உண்டு. ஃபரினா அத்தகைய இடமாக இருந்தது: உள்ளே போகும் மாவு, தேயிலை, சர்க்கரை, கம்பி, தகரம் ரயிலிலிருந்து இறங்கின, வெளியே போகும் கம்பளியும் மாடும் ஆடும் ரயிலேறின.

ரயிலுக்கும் பண்ணைக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடந்தவை ஒட்டகங்கள். தாமஸ் எல்டர் 1866இல் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றை ஓட்டத் தெரிந்த 31 பேரையும் போர்ட் அகஸ்டாவில் இறக்கி, பெல்டானாவில் வளர்க்கத் தொடங்கினார். ஒட்டகக்காரர்கள் எல்லோரையும் ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். உண்மையில் அவர்களில் பலர் பலுசிஸ்தானத்திலிருந்தும் சிந்து, பஞ்சாப், பெஷாவர் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். நம் முன்னோரைப் போலவே பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்கள். வலுவான ஓர் ஆண் ஒட்டகம் அரை டன் சுமக்கும். பல நாள் தண்ணீரில்லாமல் நடக்கும். குதிரை தொடாத புதரைத் தின்னும். ஃபரினாவின் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அவர்களுடைய கல்லறைகள் மக்காவின் திசையை நோக்கி அமைந்தவை. இறந்த பிறகும் தனியே வைக்கப்பட்டார்கள் என்பதும், புதைக்கும் அளவுக்கு அங்கே நீண்டகாலம் வாழ்ந்தார்கள் என்பதும் அந்த ஒரே இடத்தில் தெரிகின்றன. 1901இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு சொந்த ஊரிலிருந்து மனைவியை அழைத்துவரும் வழி அடைபட்டது. 1903 முதல் ஆசியாவில் பிறந்தவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெறவும் முடியவில்லை. அந்த ஊரின் வரவு செலவையே சுமந்தவர்கள் அவர்கள்.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. கோதுமை ஆசை இல்லையென்றால் ரயிலே வந்திருக்காது, 432 கால் ஏக்கர் மனைகள் கொண்ட ஊர் வரைபடமும் வந்திருக்காது, அந்தப் பெயரும் வந்திருக்காது. ஆகவே ஊரின் வேர் கோதுமைதானே என்று கேட்கலாம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வடக்கே உழவு பரவும் என்ற எதிர்பார்ப்பு அந்த ரயில்பாதைக்கு ஆதரவு சேர்த்தது. அந்த உற்சாகம் இல்லாவிட்டால் பாதை தாமதமாகியிருக்கும். ஆனால் பாதையின் இலக்கு உழவு மட்டுமல்ல. கண்டத்தைக் கடந்து வடகரை வரை ரயில் போகவேண்டும் என்ற விருப்பமும், உள்நாட்டுக் கால்நடையைக் குவீன்ஸ்லாந்துத் துறைமுகங்களுக்கு விடாமல் தெற்கே இழுக்கவேண்டும் என்ற போட்டியும் அதில் இருந்தன. ஃபரினாவில் ஒரு விடுதிக்குக் கண்டம் கடக்கும் ரயிலின் நினைவாக டிரான்ஸ்காண்டினெண்டல் என்றே பெயரிட்டிருந்தார்கள். மனை வரைபடமும் உழவுக்குச் சான்றாகாது. கால் ஏக்கர் மனையில் யாரும் கோதுமை பயிரிடுவதில்லை. அது கடைக்கும் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் வெட்டிய மனை.

இன்னொரு வாதம் வறட்சியைப் பற்றியது. மழை பொய்த்ததால் ஊர் பாதிக்கப்படவே இல்லையா? கட்டாயம் பாதிக்கப்பட்டது. 1890களின் பிற்பகுதியில் தொடங்கி 1903 வரை நீண்ட பெரும் வறட்சியில் வடக்குப் பண்ணைகள் ஆடுகளைக் கூட்டம் கூட்டமாக இழந்தன. அதற்கு முன்பே நிலம் தாங்காத அளவுக்கு ஆடுகளை விட்டிருந்தார்கள். தெற்கேயிருந்து பரவிய முயல்கள் மிஞ்சியிருந்த புதரையும் கடித்துத் தீர்த்தன. பல குத்தகைகள் கைவிடப்பட்டன. பண்ணைகள் குறைந்தால் கம்பளி மூட்டை குறையும், மூட்டை குறைந்தால் ஃபரினாவுக்கு வேலை குறையும். ஆக, வறட்சி ஃபரினாவை அடித்தது மேய்ச்சலின் வழியாக. ஆனால் அந்த அடியையும் ஊர் தாங்கியது. அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே கடை திறந்திருந்தது, தபால் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். வறட்சியால் செத்த ஊர் என்றால் இந்த ஐம்பது ஆண்டுகளை எங்கே வைப்பது?

உண்மையான முடிவு படிப்படியாக வந்தது. ஒவ்வொரு படியும் போக்குவரத்தில் நேர்ந்த மாற்றம். ரயில் 1884இல் இன்றைய மரீயான ஹெர்காட் ஸ்பிரிங்ஸுக்கு நகர்ந்தபோது ஃபரினா பாதையின் கடைசி ஊர் என்ற சிறப்பை இழந்தது. 1891இல் பாதை ஊட்நடாட்டாவுக்கும், 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் போனது. முதல் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் லாரிகள் பாலைவனத் தடங்களில் ஓடத் தொடங்கின. ஒட்டகம் ஒரு வாரம் நடந்த தூரத்தை லாரி ஓரிரு நாளில் கடந்தது; இடையில் நின்று சுமை மாற்றத் தேவையில்லை. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டக ஒழிப்புச் சட்டமே இயற்றியது. அறுபது ஆண்டுகள் நாட்டைச் சுமந்த விலங்கு தொல்லையாகப் பட்டியலில் ஏறியது. ஒட்டகக்காரர் போனதும் அவர்களை நம்பிய சேணக்காரரும் தீவன வியாபாரியும் போனார்கள். 1954இல் இந்தப் பாதையில் டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்கு வழிநெடுகத் தண்ணீர் வேண்டாம். தண்ணீருக்காக நிற்கும் ஸ்டேஷன்களும் வேண்டாம். அங்கே குடியிருக்கும் ரயில்வே தொழிலாளர் குடும்பங்களும் வேண்டாம். 1957இல் லீ க்ரீக் நிலக்கரிக்காக மரீ வரை அகலமான புதிய பாதை திறந்தது. 1960களில் ஃபரினாவின் கடைசிக் கடையும் மூடப்பட்டது. ஊற்றையும் தண்ணீரையும் நம்பி அமைந்த நிறுத்தம், தண்ணீர் தேவைப்படாத எஞ்சினால் பொருளிழந்தது.

மரீயோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். இரண்டு ஊருக்கும் ஒரே வானம், ஏறத்தாழ ஒரே மழை, ஒரே மண். கோதுமையும் மழையும்தான் காரணமென்றால் இரண்டும் சேர்ந்தே முடிந்திருக்க வேண்டும். மரீ சுருங்கியது, ஆனால் இன்றும் ஆட்கள் வாழ்கிறார்கள். அங்கே பேர்ட்ஸ்வில் தடமும் ஊட்நடாட்டா தடமும் பிரிகின்றன. 1957 முதல் 1980 வரை தெற்கிலிருந்து வந்த அகலப்பாதையும் வடக்கே போன குறுகிய பாதையும் அங்கே சந்தித்ததால் எல்லாச் சரக்கையும் இறக்கி மாற்றியே ஆகவேண்டும். 1930களில் டாம் க்ரூஸ் பேர்ட்ஸ்வில்லுக்குத் தபால் லாரி ஓட்டத் தொடங்கியதும் மரீயிலிருந்துதான். ஃபரினாவில் இருந்த வேலை மொத்தமும் ஒரு கட்டத்துக்குப் பின் மரீக்கு நகர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1980இல் இந்தப் பாதையில் ஓடிய பழைய கான் ரயில் நின்று, புதிய பாதை வெகு மேற்கே போனபோது மரீயும் அதே காரணத்தால் பெரும் அடி வாங்கியது.

2009 முதல் தன்னார்வலர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் ஃபரினாவுக்கு வந்து சுவர்களை நிறுத்துகிறார்கள். பழைய அடுப்பை மூட்டி ரொட்டி சுட்டு விற்று அந்தப் பணத்தில் அடுத்த சுவரைக் கட்டுகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். என் கவலை வேறு. கல்லில் கட்டியவர்களின் வரலாறு கல்லோடு தங்கிவிடுகிறது. தகரக் கொட்டகையிலும் கூடாரத்திலும் வாழ்ந்த ஒட்டகக்காரரும், வீடே கட்டாமல் வழியை மட்டும் வைத்திருந்த தியெரி, குயானி மக்களும் சுவர்களைப் புதுப்பிப்பதால் திரும்ப வரமாட்டார்கள். அவர்களை மீட்க வேண்டிய இடம் ரயில்வே சரக்குப் பதிவேடு, பண்ணைக் கணக்கு, கல்லறைப் பட்டியல், அந்த மக்களின் வழித்தோன்றல்களிடம் இன்றும் உள்ள வாய்மொழி. உழவர் முட்டாள்தனம் என்று கதையை முடித்துவிட்டால் இந்த ஏடுகளைத் திறக்கும் தேவையே யாருக்கும் தோன்றாது. கோய்டர் சொன்னது சரி என்பது ஊரைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்த்தாலே தெரிகிறது: அது இன்றும் மேய்ச்சல் நிலமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபரினா எப்படி வாழ்ந்தது என்று கேட்பவர்கள் சரக்குப் பதிவேட்டில்தான் தேடத் தொடங்க வேண்டும்.